விளையாட்டு அறையில் குழந்தையின் பதிலை அளப்பது எப்படி?

வடசென்னையின் டோல்கேட் போன்ற இடத்தில் சின்ன அறை ஒன்றில் விளையாட்டுச் சிகிச்சை தரும் ஆலோசகரிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "புள்ள தேறுதா?" நாம் சொன்ன எதற்குக் குழந்தை என்ன செய்தது என்று எழுதிவைத்தவரால்தான் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

1. அறையை மாற்றாதீர்கள். கன்டெய்னர் லாரி, படகு, மீன், பொம்மைக் குடும்பம், சொப்புச் சாமான் என்று இந்தப் பக்கத்துக் குழந்தைக்குப் பழகிய பொருள்கள் இருக்கட்டும். வாராவாரம் அதே பொருள், அதே நேரம்.

2. தொடக்க நிலையைக் குறியுங்கள். முதல் இரண்டு அமர்வுகளில் அதிகம் பேசாமல் கவனியுங்கள். கெர்ன்பெர்க், சாசான், நார்மாண்டின் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1998-இல் வெளியிட்ட விளையாட்டுச் சிகிச்சை அளவுமுறை அமர்வை நான்காகப் பிரிக்கிறது: ஆயத்தம், விளையாட்டு, விளையாட்டல்லாதது, தடைபடுதல். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

3. உங்கள் தலையீட்டை, அதாவது நீங்கள் குழந்தையிடம் சொல்வதை, வகைப்படுத்துங்கள். குழந்தை செய்வதைச் சொல்லுதல், அதன் உணர்வைச் சொல்லுதல், எல்லை வகுத்தல் ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும்.

4. நீங்கள் சொன்னதற்கு அடுத்த அரை நிமிடத்தைப் பதியுங்கள். இதுதான் முறையின் உயிர். குழந்தை லாரியால் படகை இடித்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "லாரிக்கு ரொம்பக் கோவம்" என்கிறீர்கள். குழந்தை நிமிர்ந்து பார்த்து, படகுக்குள் ஒரு பொம்மையை வைத்தால், "பார்த்தது, புது ஆள் வந்தது, விளையாட்டு நீண்டது" என்று எழுதுங்கள். லாரியைப் போட்டுவிட்டுக் கதவருகே போனால், "தடைபட்டது". "மனம் திறந்தது" என்று எழுதாதீர்கள். அது உங்கள் ஊகம்.

5. இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் சம்மதத்துடன் எடுத்த 10 நிமிட வீடியோவை இருவரும் தனித்தனியே குறியுங்கள். வேறுபட்ட இடங்களில் சொற்களின் வரையறையைத் திருத்துங்கள்.

6. வெளியிலும் கேளுங்கள். குழந்தையின் நடத்தை, உணர்வு பற்றி ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விப் படிவத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் தொடக்கத்தில் ஒருமுறை, சில மாதம் கழித்து ஒருமுறை நிரப்பட்டும். சிக்கல்களின் மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை, குறைந்தால் நல்லது.

7. சேர்த்துப் படியுங்கள். உணர்வைச் சொல்லும்போதெல்லாம் விளையாட்டு தடைபட்டால், சில வாரம் செய்வதை மட்டும் சொல்லுங்கள். குழந்தை அடங்கி உட்காருவதைத் தேர்ச்சியாக எண்ணிவிடாதீர்கள். பயந்த பிள்ளையும் அடங்கித்தான் உட்காரும். விளையாட்டு நீள்கிறதா, புதிதாக ஏதாவது சேர்கிறதா, தடைபட்ட பின் தானே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பெற்றோரிடமும் இந்த மூன்றையே சொல்லுங்கள்.