ஆய்வுச் சுருக்கத்தை வாசிக்கும்போது

2022ஆம் ஆண்டின் கடைசியில் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆய்வுச் சுருக்கம் வந்தது. ஆங்கிலத்தில் பத்து வரிகூட இருக்காது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு கற்றலை இழந்தார்கள், பள்ளி திறந்தபின் எவ்வளவு மீட்டார்கள் என்பதைப் பற்றியது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரின் ஆய்வு. இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பைக் குறித்து அதில் என் கண்ணில் பட்டது ஒரே ஓர் எண்: 24 சதவீதம்.

அன்று மாலையே புன்னைக்காயலில் எங்கள் தெருவில் வகுப்பு நடத்தும் தன்னார்வலரிடம் சொன்னேன். "நூத்துல இருபத்துநாலு பிள்ளைகளுக்குப் பலன் கிடைச்சிருக்காம்மா." அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப மிச்சம் எழுபத்தாறு பிள்ளைகளுக்கு நான் சும்மாதான் உக்காந்திருந்தேனா டீச்சர்?" என்றார். வகுப்பை நிறுத்திவிடலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தை நிதானமாக வாசித்தபோதுதான் என் தவறு புரிந்தது. அங்கே சொல்லப்பட்டது 24 சதவீதப் பிள்ளைகள் அல்ல. மீண்டு வந்த கற்றலில் 24 சதவீதம். சதவீதக் கணக்கை ஏழாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். எதில் சதவீதம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்தச் சுருக்கத்தை மறுபடி எப்படி வாசித்தேன் என்று சொல்கிறேன். முதலில், யாரை அளந்தார்கள்? கிராமப்புறத்தில் தொடக்கப்பள்ளி வயதிலுள்ள ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை. எதோடு ஒப்பிட்டார்கள்? 2021 டிசம்பரில் தேர்வு எழுதியவர்களை, அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு. இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

எவ்வளவு பின்தங்கினார்கள்? கணக்கில் 0.73 திட்ட விலக்கம், மொழியில் 0.34. இங்கேதான் நம்மில் பலர் பக்கத்தை மூடிவிடுகிறோம். நான் இப்படிப் புரிந்துகொண்டேன். 2019இல் நூறு பிள்ளைகளைக் கணக்கு மதிப்பெண்படி கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்தினால் நடுவில், ஐம்பதாவதாக, ஒரு பிள்ளை நிற்கும். 2021இன் நடுத்தரப் பிள்ளையை அதே வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் ஏறக்குறைய இருபத்துமூன்றாவது இடம்தான் கிடைக்கும். மொழியில் முப்பத்தேழாவது இடம்.

பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. திரும்ப வந்ததை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 24 ரூபாய் மாலை வகுப்பு தந்தது. மீதியில் பள்ளி திறந்ததும் நம் அன்றாடக் கற்பித்தலும் எல்லாம் அடக்கம். இன்னொன்றும் உண்டு. இந்த 24 வகுப்புக்கு வராத பிள்ளைகளையும் சேர்த்துப் போட்ட சராசரியிலிருந்து வந்தது. ஆகவே வந்த பிள்ளைகளை மட்டும் பார்த்தால் பலன் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். ஏழைப் பிள்ளைகள், தாய் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள். மீண்டபோது அவர்களே வேகமாக மீண்டார்கள். அதற்கும் மாலை வகுப்பு உதவியிருக்கக்கூடும் என்கிறது சுருக்கம். 'கூடும்' என்ற அந்த ஒரு சொல்லை நாம் மொழிபெயர்க்கும்போது விழுங்கிவிடக்கூடாது.

இதைத் தன்னார்வலரின் வீட்டுக்கே போய், ரூபாய்க் கணக்காகவே சொன்னேன். அவர் நம்புவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. முதலில் சொன்னதும் நான்தானே!

சரி, அந்த எண்கள் எங்கள் ஊருக்குப் பொருந்துமா? மாதிரி எடுத்துப் பார்ப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முதலில் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். அதை வைத்துத்தான் அந்தப் பார் குளிப்புக்குத் தேறுமா என்று முடிவாகும். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் அப்படிக் குளிப்பு நடக்கவில்லை. மாதிரிச் சிப்பிகள் பாரின் நிலையைச் சொல்லும். ஒரு தனித் தோணிக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாது. என் வகுப்பும் ஒரு தோணிதான்.

ஆகவே சுருக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது முடிவை அல்ல, ஒரு கேள்வியை. மொழியைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம் என்கிறார்களே, என் வகுப்பிலும் அப்படியா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பத்தி வாசிப்பு, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு இரண்டு என்று கொடுத்தேன். தடுமாறாமல் வாசித்த ஒரு பையன் கழித்தலில் அப்படியே நின்றுவிட்டான். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது அப்பாவுக்குப் பாக்கி எவ்வளவு என்று மனத்திலேயே சொல்லிவிடுகிறவன் அவன். தாளில் 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால், நடுவிலிருக்கும் பூஜ்யத்திடம் கடன் வாங்கத் தெரியவில்லை. அவனுக்கு ஏலக் கணக்கையே தாளில் எழுதவைத்து ஆரம்பித்தேன்.

மாலை வகுப்புக்கு வருகிறவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையும் வந்தது. ஆனால் ஆர்வமுள்ள வீட்டுப் பிள்ளைகளே வகுப்புக்கு வருகிறார்கள் என்றால், வித்தியாசம் வகுப்பால் வந்ததா வீட்டால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர்களிடம் அதே பிள்ளைகளின் முந்தைய அளவுகள் இருந்தன. என்னிடம் இல்லை. இப்போது ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு முறை அளந்து நோட்டில் எழுதிவைக்கிறேன், தேதியோடு.

அந்த ஆய்வு தொடக்கப்பள்ளி வயதுக்கானது என்பதால் என் அப்போதைய ஏழாம் வகுப்பு அதில் இல்லவே இல்லை. பள்ளி மூடியபோது அவர்களில் பலர் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள், பின்னம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு 0.73 என்ற எண்ணைப் போட்டுப் பார்க்க முடியவில்லை. அரை, கால், முக்காலிலிருந்து தனியாகக் கேட்டுப் பார்த்தேன்.