சமையலறை யந்திரங்களின் ஆயுள்

புதிதாய்க் குடித்தனம் தொடங்கும் இளைஞர் கடைக்குச் சென்று ஒரு மிக்ஸியையோ குளிர்சாதனப் பெட்டியையோ விலை பேசுங்கால், 'இஃது எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று வினவுதல் இயல்பு. கடைக்காரர், 'இரண்டு வருஷம் உத்தரவாதம் உண்டு' என்பார். வினா ஒன்று, விடை வேறொன்று. உத்தரவாதம் என்பது பொருளின் ஆயுள் அன்று. பழுது நேரின் செலவு யாரைச் சாரும் என்பதற்கு விற்போர் வகுத்த எல்லையே அது. நம் கல்லூரியினின்று வெளியேறிச் சொற்பச் சம்பளத்தில் இல்லறம் அமைப்போர் பலர். அவர்க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை ஒரு மாத ஊதியத்தினும் மிகுதியாகக் கூடும். ஆதலின் இவ்வினாவைச் சிறிது ஆராய்தல் வீண் அன்று.

யந்திரத்திற்கு மனிதனைப் போல ஒரே ஆயுள் உண்டென்று கருதுவதிலேயே பிழை தொடங்குகிறது. ஒரு யந்திரத்தினுள் நெடுநாள் வாழும் உறுப்பும் உண்டு. சில மாதங்களில் தேய்ந்தொழியும் உறுப்பும் உண்டு. பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். 1679-ஆம் ஆண்டில் டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியார்முன் காட்டிய ஆவிக்கலமே இதன் மூதாதை; மிகுந்த ஆவியை வெளிவிடும் வால்வையும் அதற்கு அவரே அமைத்தார். இன்றைய குக்கரின் பாத்திரம் அடி புடைக்காமலும் மூடி கோணாமலும் இருக்குமளவும் இருபது வருஷம் உழைப்பதில் வியப்பில்லை. அதன் ரப்பர் கேஸ்கட்டோ வெப்பத்தால் இறுகி, வெடித்து, ஆவியைக் கசியவிடும். சேஃப்டி வால்வினுள் இருக்கும் கலப்பு உலோகமோ, நீர் வற்றிப் பாத்திரம் அளவு மீறிச் சூடேறியவுடன் உருகி ஆவிக்கு வழிவிட்டு மாய்கிறது. மாய்வதே அதன் தொழில். அது மாயாதாயின் குக்கரே வெடிக்கும். சில்லறைக் காசுக்கு அஞ்சி அவ்விடத்தில் வேறெதனையோ திணித்து அடைப்போரும் உளர். அவர் சிக்கனம் செய்வோர் அல்லர், அபாயத்தை அடுப்பில் ஏற்றுவோர்.

இந்நியாயம் மிக்ஸிக்கும் பொருந்தும். ஜாருக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு சிறு கப்ளர் உளது. ஜாரில் தேங்காய்த் துண்டு சிக்கிக் கத்தி நின்றுவிடின், மோட்டாரின் வேகமனைத்தையும் தான் தாங்கி அக்கப்ளர் பல் உடைந்துபோகும், மோட்டார் பிழைக்கும். மோட்டாரினுள்ளும் இரு கார்பன் பிரஷ்கள் சுழலும் உறுப்பை உராய்ந்துகொண்டே மின்சாரம் ஊட்டுவதால் நாடோறும் தேய்கின்றன. சுமையின்றி ஓடுங்கால் நிமிடத்திற்கு 18,000 சுற்றளவில் சுழலும் மோட்டாருக்கு இஃதோர் இன்றியமையாத கேடு. அது தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்பது அடியிலுள்ள தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்தோர் நம்மில் எத்தனை பேர்?

கிரைண்டரின் கதை வேறு. 1955-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் மாவாட்டும் தொழிலை மின்சாரத்திடம் ஒப்புவித்தார் என்பர். பழைய ஆட்டுக்கல்லில் குழவி சுழன்றது, கல் நின்றது. கிரைண்டரில் பாத்திரம் சுழல்கிறது, குழவி நிற்கிறது. அதனை ஓட்டும் இண்டக்ஷன் மோட்டாரில் பிரஷ் இல்லை. அதன் வேகமும் நிமிடத்திற்கு 1,500 சுற்றுக்குள் அடங்கும். பெல்ட் தளர்ந்தால் மாற்றலாம். கல் வழுவழுப்பானால் கொத்தலாம். ஆதலின் ஒரே வீட்டில் மிக்ஸி மூன்று மாறியும் கிரைண்டர் ஒன்றே நிலைப்பதைக் காண்கிறோம். இதனால் மிக்ஸி இழிந்ததாகாது. விரைவிற்கு நாம் கொடுக்கும் விலை அது.

குளிர்சாதனப் பெட்டியில் கம்ப்ரஸரும் அதன் மோட்டாரும் எண்ணெயோடு எஃகுக் கூட்டினுள் மூடப்பட்டுள்ளமையால் தூசியும் ஈரமும் அணுகா. 1927-ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் அமெரிக்காவில் வெளியிட்ட, உச்சியில் வட்டக் கூடு அமைந்த பெட்டிகளிற் சில எண்பது வருஷத்திற்கு மேலும் ஓடியுள்ளன. (அவற்றுள் நச்சு வாயுவான ஸல்பர் டையாக்ஸைடு இருந்தது, ஆகவே பழமையை அளவின்றிப் புகழ வேண்டா.) இக்காலப் பெட்டியிலோ கம்ப்ரஸருக்கு முன்னதாகக் கதவின் ரப்பரோ மின்னணுப் பலகையோ பழுதாகலாம். அவ்வுறுப்பு கிடையாதாயின் பழுதற்ற கம்ப்ரஸரும் பழைய இரும்புக்கடைக்கே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தார் இதனை உணர்ந்தே, பெட்டியின் ஆயுள் இத்தனை வருஷம் என்று சட்டம் செய்யாது, 2021-ஆம் ஆண்டு முதல் வேறு விதமாய் விதித்தனர்: ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின், தெர்மோஸ்டாட், மின்னணுப் பலகை முதலியவை 7 வருஷமும், கதவு ரப்பர் 10 வருஷமும் கிடைக்க வேண்டும். இது நுட்பமான விதி. பொருளின் வயதை அளக்காமல் உதிரி உறுப்பின் வரவை அளக்கிறது.

குக்கருக்கும் கிரைண்டருக்கும் இருபது, குளிர்சாதனப் பெட்டிக்குப் பதினைந்து, மிக்ஸிக்குப் பத்து வருஷம் எதிர்பார்த்தல் நியாயமே என்பது என் அபிப்பிராயம். ஆயின் இவ்வெண்கள் யாவும் உறுப்புக் கிடைக்குமளவே மெய்யாகும். ஆதலின் கடையில் வினவ வேண்டுவது, 'எத்தனை வருஷம் உழைக்கும்?' என்பதன்று, 'இதன் கப்ளரும் கேஸ்கட்டும் இவ்வூரில் எங்கே கிடைக்கும்? இவற்றின் அச்சு எத்தனை முறை மாறியுள்ளது?' என்பதே.

இதனை யான் நஷ்டப்பட்டே கற்றேன். 2009-ஆம் ஆண்டில் வாங்கிய எங்கள் மிக்ஸியின் கப்ளர் ஏழாம் வருஷத்தில் உடைந்தது. உற்பத்தி செய்தோரின் கிளை நிலையத்தில், அந்த அச்சு நின்றுவிட்டது, புதிது வாங்கலாமே என்றனர். பேருந்து நிலையத்தருகே பழுது பார்க்கும் பெரியவர் வேறொரு கம்பெனியின் கப்ளரை அரத்தால் ராவிப் பொருத்தித் தந்தார். அது பதினொரு மாதம் உழைத்தது. இரண்டாம் முறை ராவியது பொருந்தவில்லை. புதிய மிக்ஸி வாங்கினோம். பழையதன் மோட்டார் இன்றும் எங்கள் பரண்மேல் உளது. சுவிட்சைப் போட்டால் ஓடும்.