அரசாங்கச் சிக்கனமும் ஏழை வீட்டு உலையும்



அரசாங்கம் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது வீடுகளிலும், சந்தையிலும், கோயில் முற்றத்திலும் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. "வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்தால் நாடு முழுகிப் போகும், வெட்டத்தான் வேண்டும்" என்பார் ஒருவர். "ஏழை வயிற்றில் அடிக்காதே" என்பார் மற்றவர். இருவரும் உண்மையையே பேசுகிறார்கள். ஆனால் இருவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. எவ்வளவு குறைப்பது என்பது முதல்வரின் கேள்வி. யாரிடமிருந்து குறைப்பது என்பது இரண்டாமவரின் கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறியாத வரையில் விவாதம் கூச்சலாகவே முடியும். ஆகையால் இவ்வாரப் பாடத்தில், நமது இலங்கையில் நடந்தவற்றைக் கொண்டே இந்த இரண்டாம் கேள்வியை ஆராய்வோம். எந்தக் கட்சிக்கும் வாக்குச் சேர்ப்பது நமது நோக்கமன்று.

1. செலவைக் குறைப்பது தவறா?

தவறன்று. கடன்பட்டே நாளைக் கழிக்கும் வீட்டில் கடன் பிள்ளைகளின் தலையில் விழும். நாட்டுக்கும் அதுவே விதி. வரவு செலவைச் சரிக்கட்டுவது ஆளுவோரின் கடமைகளுள் ஒன்று. சலுகை எதையும் என்றென்றைக்கும் தொடக்கூடாது என்று வாதிப்பவன் பொது நன்மையை நினைப்பவனல்லன்.

ஆயினும் நல்ல குடும்பம் எவ்வாறு சிக்கனம் செய்கிறது என்பதையும் கவனியுங்கள். வருமானம் குறைந்தால் தகப்பன் முதலில் தன் சுருட்டை நிறுத்துகிறான். தாய் புதுச் சேலையைத் தள்ளிப்போடுகிறாள். பெரிய பிள்ளைகள் படம் பார்ப்பதை விடுகிறார்கள். கைக்குழந்தையின் பாலில் எவரும் கை வைப்பதில்லை. வைத்தாலும் அது கடைசியில்தான். சிக்கனத்துக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தலைகீழாகும்போதுதான் நியாயமான சிக்கனமும் அநீதியாகிவிடுகிறது.

2. இருபத்தைந்து சதமும் எழுபது சதமும்

யுத்த காலத்தில் தொடங்கிய கூப்பன் முறையினால் ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்குக் கிடைத்துவந்தது. அந்த விலை மாறாது என்ற வாக்குறுதி 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கொடுக்கப்பட்டது. ஆனால் கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த றப்பர் விலை இறங்கிவிட்டது. வெளிநாட்டு அரிசியின் விலையோ உயர்ந்திருந்தது. அரசாங்கத்தின் கையிருப்புக் கரைந்தது. இக்கஷ்டம் பொய்யன்று, மெய்யானதே.

1953 ஜூலையில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த திட்டத்தின்படி அரிசி கொத்து 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் கூடின. வாரத்துக்குப் பத்துக் கொத்து அரிசி வாங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டரை ரூபாய் கொடுத்தவர்கள் இனி ஏழு ரூபாய் கொடுக்க வேண்டும். நாலரை ரூபாய் அதிகம். அந்த நாலரை ரூபாய் கறுவாத்தோட்டத்து மாளிகைக்கும் ஒன்றே, கூலிக்காரன் குடிசைக்கும் ஒன்றே. தொகை ஒன்றுதான், பாரம் ஒன்றன்று.

ஆகஸ்ட் 12ஆம் தேதி நாட்டில் பெரும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மந்திரிகள் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடிப் பேசும் நிலை வந்தது. ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசி விலையும் பிறகு குறைக்கப்பட்டது.

இதிலே இரு பாடங்கள் உள. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மலிவு விலையில் அரிசி கொடுத்ததைத் திருத்த நியாயம் இருந்தது என்பது முதற் பாடம். திருத்தத்தைப் பணக்காரரிடம் தொடங்காமல், எல்லார் மேலும் ஒரே நாளில், ஏறக்குறைய மூன்று மடங்காகச் சுமத்தியதே கேடு என்பது இரண்டாவது பாடம். சத்தமின்றி உண்ணும் பள்ளிப் பிள்ளையின் உணவும் அதே பட்டியலில் வெட்டுண்டது. அப்பிள்ளைக்கு வாக்கு இல்லை என்பதை மறவாதீர்கள்.

3. சத்தமில்லாத வெட்டு

மேற்சொன்ன முதற் பாடத்தைப் பின்னாளில் ஆண்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1978இல் இலவச அரிசி, மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. 1979 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை கொடுக்கப்பட்டது. வேண்டியவனுக்கே உதவி என்பது நல்ல முறைதான்.

ஆனால் அந்த முத்திரையின் மதிப்பு ரூபாயில் குறிக்கப்பட்டிருந்தது. விலைவாசி ஏறியபோது முத்திரையின் தொகை அதனோடு ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது வாங்கிக் கொடுத்த உணவு பாதிக்கும் கீழே போய்விட்டது. இதற்கு எவரும் சட்டம் கொண்டுவரவில்லை; ஹர்த்தாலும் நடக்கவில்லை. கொடுத்த கையை மடக்காமலே கொடை சுருங்கிற்று. ஆகவே, அரசாங்கம் ஓர் உதவியைத் தொடவில்லை என்று கேட்டவுடன் நாம் திருப்தியடைந்துவிடலாகாது. அந்தத் தொகைக்கு இன்று எத்தனை கிலோ அரிசி கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

4. வரியை விட்டுக்கொடுப்பதும் செலவே

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் முடிவில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. முன்னர் ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் வியாபாரம் செய்பவர் அவ்வரிக்குப் பதிய வேண்டியிருந்தது. அந்த எல்லை 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. 2021இல் அரசாங்கத்தின் வருமானம் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 9 வீதத்துக்கும் கீழே இறங்கியது. கொள்ளை நோயும், உல்லாசப் பிரயாணிகளின் வரவு நின்றதும், பழைய கடன்களும் கூடவே நெருக்கின. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நாடு நிறுத்திவைத்தது.

வரவேண்டிய வரியை விட்டுக்கொடுப்பதும், பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பதும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றே. பெட்டி காலியான பிறகு அதை யார் நிரப்பினார்கள் என்று பார்ப்போம்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. அடக்க விலைக்கு மிகக் குறைவாக விற்று நட்டப்பட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் மெய்யாயிருக்கலாம். ஆயினும் மண்ணெண்ணெயில் ஓடுவது யாருடைய படகு, எரிவது யாருடைய விளக்கு என்பது கரையோரத்தில் வாழும் நமக்குத் தெரியும். அதே மாதத்தில் மின்சாரக் கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் உயர்ந்தது. பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18ஆயிற்று. கோடீசுவரன் சவர்க்காரம் வாங்கினாலும், விதவைத் தாய் வாங்கினாலும் அந்த வரி ஒன்றே.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்குச் சம்மதித்தது. அவ்வாண்டு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி போன்ற நிதிகளிடமிருந்த கடன் முறிகளை வட்டி குறைந்த புதிய முறிகளாக மாற்றச் சொன்னார்கள். மாற்றாவிட்டால் நூற்றுக்கு 14ஆக இருந்த வரி 30ஆகும். வங்கிகளிடமிருந்த முறிகள் விடப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே மிகுந்த வரி செலுத்துகின்றன என்றும், அவை தளர்ந்தால் வைப்பிட்டோர் அனைவரும் நட்டப்படுவர் என்றும் விளக்கம் கூறப்பட்டது. அந்த விளக்கத்தில் உண்மை உண்டு. அப்படியானாலும், முதுமைக்கென்று மாதந்தோறும் சேமித்த தொழிலாளி அந்தப் பற்றாக்குறையை உண்டாக்கியவனல்லன் என்பதும் உண்மையே.

வறுமையில் வாழ்வோர் 2021இல் நூற்றுக்கு 13 பேராக இருந்து, 2022இல் 25 பேரானார்கள் என்று உலக வங்கி கணித்தது. சபையில் விவாதிக்கப்படும் எண்கள் இறுதியில் இவ்விதமாகவே வீடுகளுக்குள் நுழைகின்றன.

5. எதிர்வாதங்களுக்கு விடை

"பணக்காரரிடம் அளவுக்கு மிஞ்சி வாங்கினால் தொழில் வைப்பவர் போய்விடுவார், வேலையும் போய்விடும்" என்பர் சிலர். இவ்வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய வரி எவர் மேலும் நியாயமன்று. ஆனால் அளவு என்பது தாங்கும் சக்தி. 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் வெளியிட்ட சமூக நிருபமும், வரிச்சுமை அவரவர் சக்திக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பதையே நீதியான வரி முறைக்கு அடிப்படையாக வைக்கிறது.

"உதவி கொடுத்தால் ஏழை சோம்பேறியாவான்" என்பர் வேறு சிலர். எண்ணெய் வாங்க முடியாமல் கரையில் படகை இழுத்துவைத்தவன் சோம்பலினாலா வைத்தான்? உழைக்க மனமுள்ளவனின் உழைப்பையே பறிக்கும் சிக்கனமும் உண்டு.

"உதவி தகுதியற்றவர்களுக்கும் போகிறது" என்ற குறையோ உண்மையானது. அதனாலேதான் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும தொடங்கியபோது, தம்மை விட்டுவிட்டார்கள் என்று இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்தன. தகுதியற்றவனை நீக்கும் கத்தி தகுதியுள்ளவனையும் வெட்டிவிடலாம்.

6. நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மேலே கண்டவற்றிலிருந்து, எந்தச் சிக்கனத் திட்டத்தையும் உரைத்துப் பார்க்க நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது: இந்தப் பற்றாக்குறையை உண்டாக்கியவர், அதனால் இலாபம் பெற்றவர் யார்? அவர் பங்கு எவ்வளவு?

இரண்டாவது: வெட்டு மேலிருந்து தொடங்குகிறதா, கீழிருந்து தொடங்குகிறதா?

மூன்றாவது: குடும்பங்கள் தம்மைச் சரிப்படுத்திக்கொள்ளக் காலம் கொடுக்கப்படுகிறதா? மாற்று உதவி வெட்டுக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா? மருந்து நோயாளி இறந்த பிறகு வந்து பயனில்லை.

நான்காவது: கொடுக்கப்படும் உதவி விலைவாசியோடு ஏறுகிறதா? விடுபட்டவன் முறையிட வழி உண்டா?

இந்த நான்குக்கும் நேர்மையான விடையுள்ள திட்டம் கசப்பாயிருந்தாலும் நாம் தாங்க வேண்டியதே. விடையில்லாத திட்டத்தை எதிர்த்துப் பேசுவது கலகமன்று, பிரஜையின் கடமை.

நமக்கும் பங்கு உண்டு. கட்ட வேண்டிய வரியை மறைப்பவன் தன் பாரத்தை அயலவன் முதுகில் ஏற்றுகிறான். வசதியிருந்தும் உதவிப் பட்டியலில் பெயர் எழுதுவிப்பவன் வேறொரு வீட்டின் உலையை அவிக்கிறான். எழுத்தறியாத மூதாட்டியின் பெயர் விடுபட்டிருந்தால், படிவத்தை நிரப்பிப் பிரதேச செயலகத்துக்கு அவரோடு கூடப் போவது நம்மில் எவராலும் முடியும். நமது படித்த வாலிபர்கள் இதனைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்வார்களாக.

குடும்பங்களில் ஆராய்வதற்கு:

1. நமது வீட்டில் வருமானம் குறைந்தால் எதை முதலில் விடுவோம், எதைக் கடைசி வரை காப்போம்? ஏன்?

2. மண்ணெண்ணெய் விலை ஏறியபோது நமது தெருவில் அதிகம் துன்பப்பட்டவர் யார்? அவர்களுக்காகப் பேசியவர் யார்?

3. உதவிப் பட்டியலில் இருக்க வேண்டியிருந்தும் விடுபட்ட குடும்பம் நமக்குத் தெரிந்து உண்டா? இந்த வாரத்துக்குள் அவர்களுக்காக நாம் செய்யக்கூடியது என்ன?

மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்தவர்கள், ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு அறையில் வந்து தெரிவிக்கவும். படிவம் நிரப்ப இருவர் அங்கே காத்திருப்பர்.

— பங்குக் குரு