குரோமோசோமில் விழும் காயம்



லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயால் படுத்திருப்போரைச் சந்திக்கச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, பீடி குடித்ததால்தான் எனக்கு இது வந்ததா?" இதற்கு மருத்துவம் தரும் பதிலை இம்முறை சற்றுப் படிப்போம்.

நமது சரீரத்தின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, ஒடிந்த துண்டு ஒன்று புதிய உட்கருவுக்குள் சேராமல் வெளியே தங்கிவிட்டால், அது தனிச் சிறு உருண்டையாகத் தெரியும். இதற்கு நுண்கரு என்று பெயர். இரத்தத்தின் லிம்போசைட் அணுக்களை வளர்த்து, மைக்ராஸ்கோப்பில் இவற்றைத் துல்லியமாக எண்ணும் முறையை 1985-ல் ஆஸ்திரேலியாவில் ஃபெனெக், மார்லி என்னும் இருவர் வெளியிட்டனர்.

இக்காயத்தைக் கூட்டுபவை எவை? வயதும் கதிர்வீச்சும் கூட்டுகின்றன. மது, உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது. கீரையிலும் பயறுகளிலும் உள்ள ஃபோலேட் சத்து குறைந்தாலும் குரோமோசோம் எளிதில் ஒடியும். புகையிலையோடு வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் வாய் அணுக்களில் நுண்கருக்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன.

ஆனாலும் கவனியுங்கள். நுண்கரு மிகுந்திருப்பதாலேயே, இன்ன பழக்கம்தான் இந்த லிம்போமாவைத் தந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கீமோதெரபியும் கதிர் சிகிச்சையும்கூடக் குரோமோசோமை ஒடிக்கும். ஆகவே சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தமா, பின் எடுத்ததா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1958-ல் உகாண்டாவில் பணிசெய்த விசுவாசியான டாக்டர் டெனிஸ் பர்கிட், பிள்ளைகளின் தாடையில் வளரும் ஒருவகைக் கட்டியைப்பற்றி எழுதினார். அது லிம்போமா என்று பின்னர் தெளிவாயிற்று. அதில் பெரும்பாலும் 8-ம் குரோமோசோமின் துண்டும் 14-ம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறியிருக்கும். அங்கே எப்ஸ்டீன்-பார் வைரஸும் மலேரியாவும் அந்நோய்க்கு வழிசெய்கின்றன. அந்தச் சிறுபிள்ளைகள் எந்தப் பீடியைக் குடித்தார்கள்?

பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, நம் ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை (யோவான் 9). ஆகையால் நோயாளியைப் பார்க்கச் செல்லும்போது, "என்ன பழக்கம் இருந்தது?" என்று விசாரியாதிருப்போம். அவருடைய பாரத்தோடு குற்ற உணர்வையும் ஏற்றவேண்டாம்.

அதேசமயம் புகையிலையையும் மதுவையும் விட்டுவிடுவதும், கீரையும் பயறும் அன்றாடம் உண்பதும் சுகமாயிருக்கிற நமக்கு நன்மையே. புகைபிடிக்கும் நோயாளி இன்றைக்கு அதை நிறுத்தினாலும் அவருடைய நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் பலன் உண்டு. அதை அவரிடம் அன்பாய்ச் சொல்லலாம், குற்றச்சாட்டாக அல்ல.