பழைய லாரிக்கு மின்சார டீசல் பம்பு

ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்கு லாரி என்பது வெறும் வாகனமன்று. நெசவாளருக்கு நூல் உரிய நாளில் வந்து சேர்வதும், நெய்த துணி விற்பனைக்குச் செல்வதும், விவசாயியின் வாழைத்தாரும் தக்காளியும் வாடுமுன் மண்டியை அடைவதும் அதனைப் பொறுத்தவை. லாரி பாதி வழியில் நின்றால் நஷ்டம் ஓட்டுநருக்கும் செயலாளருக்கும் மட்டும் உரியதன்று. பங்குத்தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரியது. ஆகவே, லாரியின் பழுதைப் பற்றியும் அங்கத்தினர்கள் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

நெடுங்காலம் ஓடிய டீசல் லாரிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் குறைகள் மூன்று. காலையில் எளிதில் கிளம்புவதில்லை; பாரத்தோடு மேடு ஏறும்போது இழுவை குறைகிறது; சில வேளை ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. பட்டறையில் காட்டினால், "ஃபீடு பம்பு போய்விட்டது, கரண்ட் பம்பு மாட்டிவிடலாம்" என்ற யோசனை கிடைப்பதுண்டு. இந்த யோசனை சில சமயம் சரியானது. சில சமயம் வீண்செலவு. கவனமின்றிச் செய்தால் அபாயமும் ஆகும். இம்மூன்றையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

பம்புகள் இரண்டு

பழைய டீசல் இயந்திரத்தில் பம்புகள் இரண்டு உண்டு. பெரியது இன்ஜெக்‌ஷன் பம்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேண்டிய டீசலை அளந்து, உரிய நொடியில், நாசிலுக்கு அனுப்புவது இதுவே. பழைய நாசில்கள் சுமார் 200 பார் அழுத்தத்தில்தான் திறக்கும். இத்தகைய பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. நம் நாட்டில் 1951-ல் பெங்களூரில் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனம் இவற்றைச் செய்து பரப்பியது. அந்நிறுவனம் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிற்று.

சிறியது ஃபீடு பம்பு. டாங்கியிலிருந்து டீசலை இழுத்து, பில்டர் வழியாகப் பெரிய பம்பின் வாயிலில் கொண்டு சேர்ப்பதோடு இதன் வேலை முடிந்தது. சில வண்டிகளில் இது பெரிய பம்பின் பக்கத்திலேயே, கையால் அடிக்கும் குமிழோடு அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் இயந்திரத்தின் உடலில், ஒரு ரப்பர் சவ்வோடு அமைந்திருக்கும்.

மின்சார பம்பு இந்தச் சிறிய பம்பின் வேலையை மட்டுமே ஏற்கிறது. ஆகவே அதை மாட்டினால் இயந்திரத்தின் திறன் கூடும் என்று எண்ணுதல் தவறு. தேய்ந்த நாசிலும், கரும்புகையும், அமுக்கம் குறைந்த சிலிண்டரும் அதனால் சீராகா. டீசல் போதாமல் இழந்த இழுவையை அது திருப்பித் தரலாம்; இல்லாத இழுவையைத் தராது.

இழுப்பதும் தள்ளுவதும்

கிணற்றுப் பாசனம் செய்யும் அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிணற்றின் மேல் வைத்த மோட்டார் தண்ணீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஆழத்திற்கு எல்லை உண்டு. கணக்குப்படி 10 மீட்டர், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர். உறிஞ்சும் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மோட்டார் காற்று வாங்கும், தண்ணீர் வராது. ஆனால் அந்த ஓட்டையில் ஒரு சொட்டு நீரும் வெளியே கசியாது. எனவே குற்றம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரினுள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரோ கீழிருந்து தள்ளுகிறது. அதன் குழாயில் ஓட்டை இருப்பின் நீர் பீறிட்டு, இடத்தைத் தானே காட்டிவிடும்.

லாரியிலும் இவ்வாறே. பழைய ஃபீடு பம்பு இயந்திரத்தருகே இருந்துகொண்டு தொலைவிலுள்ள டாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. வழியிலுள்ள குழாய் மூட்டுகளும், வெடித்த ரப்பர் ஹோஸும், தேய்ந்த வாஷரும் காற்றை உள்ளே விடுகின்றன. இரவில் டீசல் டாங்கிக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. மின்சார பம்பை டாங்கியின் அருகே, சேஸிஸில் தாழ்வாக அமைத்தால், உறிஞ்சும் தூரம் குறைந்து தள்ளும் தூரம் மிகுகிறது. மாற்றத்தின் முழு நன்மையும் இதில் அடங்கியது. பில்டர் மாற்றியபின் கையால் அடித்துக்கொண்டிராமல் ஏர் எடுப்பது எளிதாவது உபரி நன்மை.

முதலில் சோதனை

பணம் செலவிடுமுன் கீழ்க்கண்டவற்றை இவ்வரிசையிலேயே பார்த்தல் வேண்டும்.

1. டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா? அடைபட்டால் டாங்கியில் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. ஓடி நின்ற வண்டியின் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் இதுவே காரணம்.

2. பில்டர்கள் எத்தனை கிலோமீட்டருக்கு முன் மாற்றப்பட்டன? டாங்கியின் அடியில் நீரும் சேறும் உண்டா?

3. உறிஞ்சும் குழாயின் நடுவே, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சிறிது நேரம் இணைத்துப் பார்க்கவும். குமிழிகள் ஓடினால் காற்று புகுகிறது.

4. வண்டியை நிறுத்திய நிலையில், சுத்தமான டீசல் நிரம்பிய கேனைப் பம்பிற்குச் சற்று உயரத்தில் வைத்து, அதிலிருந்து இயந்திரத்தை ஓட்டவும். குறை நீங்கினால் பம்பு நல்லது. குழாயிலும் டாங்கியிலுமே குற்றம்.

5. இவற்றிலும் தெளிவு பிறக்காவிடில், பில்டருக்கும் பெரிய பம்பிற்கும் நடுவே பிரஷர் கேஜை இணைத்து, பாரத்தோடு மேட்டில் ஓட்டிப் பார்க்கவும். முள் இறங்கினால் டீசல் போதவில்லை என்பது உறுதி.

முதல் நான்கிலேயே பழுது வெளிப்பட்டுவிட்டால், சில வாஷர்களோடும் ஒரு ஹோஸோடும் செலவு முடிந்துவிடும். சவ்வு கிழிந்திருத்தல், அசல் உதிரி கிடைக்காமை, புதிய ஃபீடு பம்பு மாட்டியும் நெடுங்குழாயில் உறிஞ்ச இயலாமை ஆகிய நிலைகளில் மின்சார பம்பு தக்க பரிகாரமாகும்.

அழுத்தமும் அளவும்

எந்த மின்சார பம்பும் பொருந்தும் என்பதில்லை. வரிசை வகை இன்ஜெக்‌ஷன் பம்பிற்குப் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை ஊட்டழுத்தம் போதும். சுழல் வகைக்கு அதனினும் குறைவு. அரை பார் அளவே போதுமானவை உண்டு. சுழல் பம்பிற்கு மிகையான அழுத்தம் கொடுத்தால் அதன் தண்டு ஸீல் பிதுங்கி, டீசல் இயந்திரத்தினுள் கசிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போன இயந்திரத்தின் பேரிங்குகள் நெடுநாள் தாங்கா. பெட்ரோல் காரின் பம்பு ஏறக்குறைய 3 பார் அழுத்தத்திற்கென்று செய்யப்படுவது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி மாட்டுதல் கூடாது. உற்பத்தியாளர் கையேட்டில் கண்ட அழுத்தத்தையே பின்பற்றுக.

அளவைக் கணக்கிடுதல் எளிது. 100 குதிரைத் திறன் உள்ள இயந்திரம் முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 20 லிட்டர் டீசல் எரிக்கும். பம்பு இதைப்போல் சில மடங்கு தரவேண்டும். எஞ்சியது திரும்பு குழாய் வழியே சூட்டையும் காற்றையும் ஏந்தி டாங்கிக்குத் திரும்பும். ஆகவே மணிக்கு 100 லிட்டர் தரும் பம்பு போதும். நீர் பிரிக்கும் பெருங்கண் பில்டர் மின்சார பம்பிற்கு முன்னும், நுண்கண் பில்டர் பின்னும் இருத்தல் முறை. மாற்றி வைத்தால் பம்பு உறிஞ்சத் திணறும்.

கிழிந்த சவ்வுள்ள பழைய பம்பை அப்படியே விட்டு, அதன் வழியே மின்சார பம்பால் தள்ளினால், டீசல் நேரே ஆயில் தொட்டிக்கு இறங்கும். எனவே அதைக் கழற்றி, அவ்விடத்தைத் தகடும் பாக்கிங்கும் வைத்து ஆயில் கசியாதபடி மூடுதல் வேண்டும்.

மின் இணைப்பே உயிர்நிலை

பழைய பம்பை இயந்திரமே ஓட்டிற்று. இயந்திரம் நின்றால் அதுவும் நின்றது. மின்சார பம்பு அவ்வாறன்று. சாவி திறந்திருக்கும்வரை அது டீசலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். விபத்தில் குழாய் அறுந்து, ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும் தள்ளும். டீசல் பெட்ரோலைப் போல் சட்டென்று பற்றாது என்பது உண்மையே; ஆயினும் சூடேறிய சைலன்ஸர் குழாய்மீது சாரலாகப் படும்போது பற்றும்.

இதைத் தடுக்க, பம்பின் ரிலேயை ஆயில் பிரஷர் சுவிட்சின் வழியே இணைத்தல் வேண்டும். இயந்திரம் நின்றால் ஆயில் அழுத்தம் விழும், பம்பும் நிற்கும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. எச்சரிக்கை விளக்கிற்கான சாதாரண சுவிட்சு, அழுத்தம் வந்ததும் மின்சாரத்தைத் துண்டிப்பது. நமக்கு வேண்டியது அழுத்தம் வந்தபின் இணைக்கும் சுவிட்சு. கிளப்பும்போது ஆயில் அழுத்தம் இராதாகையால், ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்திற்கு மட்டும் ரிலேக்கு நேரடியாக மின்சாரம் கிடைக்கச் செய்யவேண்டும். ஏர் எடுப்பதற்கு, விரலை எடுத்ததும் அணையும் பொத்தான் ஒன்று போதும்.

ஃபியூஸ் பாட்டரியின் அருகிலேயே அமைய வேண்டும். வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்த்தே பம்பு வாங்க வேண்டும். ஒயர் மெலிந்ததாயின் பம்பு வரை போதிய வோல்ட்டேஜ் சென்றடையாது. சுவிட்சின்றி நேரே இணைத்துத் தருவதாக யாரேனும் சொன்னால், அவ்வேலையை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் ஃபோர்டு 7.3 லிட்டர் டீசல் வண்டிகளில், 1994 முதல் 1997 வரை இயந்திரத்தால் ஓடும் பம்பே இருந்தது. 1999 மாடலில் உற்பத்தியாளரே சேஸிஸில் மின்சார பம்பு வைத்தார். மறுபுறம், 1998-ன் நடுப்பகுதி முதல் 2002 வரை வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் இயந்திரமுள்ள டாட்ஜ் வண்டிகளில், இயந்திரத்தின் பக்கத்தில் வைத்த மின்சார பம்பு அடிக்கடி பழுதுற்றது. பெரிய பம்பு டீசலாலேயே குளிர்ந்து மசகு பெறுவது; ஊட்டம் குறைந்ததை ஓட்டுநர் உணருமுன் விலைமிகுந்த அப்பம்பும் கெட்டது. அதன்பின் பலர் பம்பை டாங்கியருகே மாற்றி, ஓட்டுநர் முன் கேஜ் ஒன்றும் வைத்துக்கொண்டனர். மின்சாரம் என்பதாலேயே ஒன்று நம்பத்தக்கதாகிவிடாது என்பதும், கேஜ் ஆடம்பரமன்று என்பதும் இதனால் நாம் பெறும் பாடங்கள்.

நிர்வாகக் குழுவின் பொறுப்பு

சோதனையின் முடிவை எழுத்தில் பெற்று, குழுவின் முன் வைத்து, விலைப்புள்ளிகளை ஒப்பிட்டபின் முடிவு செய்தல் முறை. வேலை முடிந்ததும் இயந்திரத்தை ஓடவிட்டு, ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றி, பம்பு நிற்கிறதா என்று செயலாளர் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். முதல் மாதத்தில் வாரந்தோறும் ஆயில் மட்டத்தைப் பார்த்து லாக் புத்தகத்தில் குறிக்கவேண்டும். மட்டம் உயர்ந்தால் டீசல் கலக்கிறது என்று பொருள். மாற்று பம்பு ஒன்றும் இரண்டு ஃபியூஸ்களும் வண்டியிலேயே இருக்கட்டும். மின்சார பம்பு நின்றுவிட்டால் கைக்குமிழ் இல்லாத வண்டியை வழியில் ஓட்டுவது கடினம்.

சங்கத்தின் பணம் பலருடைய உழைப்பு. காரணத்தைக் கண்டபின் செலவிடுவதே சிக்கனம். ஓட்டுபவரின் உயிருக்குக் காவல் வைத்தபின் வண்டியைச் சாலைக்கு அனுப்புவதே கூட்டுறவு.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உறிஞ்சும் குழாயிலுள்ள ஓட்டை கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் யாது?

2. மின்சார பம்பினால் தீராத குறைகள் எவை?

3. ஆயில் பிரஷர் சுவிட்சு இல்லாவிடில் நேரக்கூடிய தீங்கு என்ன?

4. நம் சங்க லாரியின் பில்டர்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து பார்க்கவும்.