மாயாவிக்கு உடல் கொடுக்கும் தம்பிக்கு

விக்கிரமங்கலத்துத் தம்பிக்கு,

இரும்புக்கை மாயாவியை ஆறு அங்குல உயரத்தில், கை கால்கள் மடங்கும் ஆக்‌ஷன் ஃபிகராக வடிக்கத் தொடங்கியிருப்பதாக நீ எழுதியது எனக்குப் பேருவகை அளித்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்து தமிழ்ச் சிறுவர்களை ஆட்கொண்ட அந்தக் கதாநாயகனுக்கு, நம் மண்ணிலே பிறந்த ஒருவனுடைய விரல்களால் உருவம் வாய்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய அபிலாஷை. ஆகையினாலேயே, நீ அனுப்பிய படங்களைக் கண்டபோது தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முகம் லட்சணமாக இருக்கிறது. தசைகள் உடற்கூற்று நூலில் உள்ளபடியே அமைந்திருக்கின்றன. ஆனால் மாயாவியை அதிலே காணோம்.

காரணம் இதுதான். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் இக்கதையின் ஆங்கில மூலம் தொடங்கியபோது அதற்குச் சித்திரம் தீட்டிய பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ, முகங்களைக் கோட்டினால் சுற்றி வளைத்தவர் அல்லர். கன்னத்தின் பாதியையும் கண்குழியையும் கருமைக்கு ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய வெளிச்சத்தில் மனிதனை நிறுத்தியவர். நீயோ அந்தக் கருமையை உணர்ந்தும், அதைக் கறுப்பு வர்ணமாகப் பொம்மையின் கன்னத்தில் பூசியிருக்கிறாய். சித்திரத்தின் நிழல் அந்தக் கட்டத்தில் எரியும் ஒரு விளக்குக்குச் சொந்தமானது. பொம்மையை வாங்கியவர் அதைச் சன்னலுக்கு எதிராகத் திருப்பிய மாத்திரத்தில் பூசிய நிழல் வெறும் அழுக்காகிவிடும். ஆகவே வர்ணத்தைத் துடைத்துவிட்டு, கண்குழியை இயற்கையில் உள்ளதைவிட ஆழமாகக் குடைந்து, கன்ன எலும்பிலிருந்து தாடை வரை இறங்கும் விளிம்பைக் கூர்மையாக்கி, எந்த வெளிச்சம் விழுந்தாலும் அந்த வெளிச்சமே பிளாஸ்கோவின் நிழலை எழுதும்படி செய். இதற்கு நீ தூரதேசம் போக வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில், வடபுறப் படிக்கட்டின் அருகே சண்டேசருடைய தலையில் இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பார்த்து வா. கல்லில் வர்ணம் இல்லை. பள்ளத்தின் ஆழத்தைக் கொண்டே சிற்பி அந்தக் கருணையை நிகழ்த்தியிருக்கிறான்.

எல்லா ஓவியருக்கும் இதே வைத்தியம் பொருந்தும் என்று எண்ணிவிடாதே. மிக்கி மவுஸின் காதுகள் முகம் எப்பக்கம் திரும்பினாலும் காகிதத்தில் வட்டமாகவே தெரியும்; பொம்மையிலோ அவற்றை ஓரிடத்தில் பதித்தே தீர வேண்டும், பக்கவாட்டில் அவை ஒடுங்கிப்போவதும் தவிர்க்க முடியாதது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பார்வை பிரதானம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வதே கைவினைஞனின் விவேகம். புரூஸ் டிம் வரைந்த பேட்மேனுக்குத் தோள் கதவளவு அகலம். கணுக்காலோ கூம்பிச் சிறுத்தது. அப்படியே வடித்தால் பொம்மை நிற்காது, கணுக்காலைப் பருமனாக்கினால் அவருடைய ரேகை செத்துப்போகும். ஒற்றைக்காலில் ஆடும் நடராஜரை வார்த்த நம்முடைய ஸ்தபதிகள் இந்தச் சங்கடத்தை எவ்வளவு கம்பீரமாகத் தீர்த்தார்கள் என்று யோசித்துப் பார்: பறக்கும் சடைகளைத் திருவாசியோடு இணைத்து, அதைப் பத்மபீடத்தில் ஊன்றி, முட்டுக்கொடுக்க வந்ததையே பிரபஞ்சத்தின் அக்கினி வட்டமாக்கிவிட்டார்கள். உன் பொம்மைக்கும் பீடம் தேவைப்பட்டால், அதைக் கண்ணாடித் துண்டாக ஒளித்துவைக்காமல் கதையின் ஒரு பகுதியாகவே ஆக்கு. மாயாவிக்கு மின்சாரத்தைவிடப் பொருத்தமான பீடம் வேறு எது? அறுந்து தொங்கும் மின்கம்பியும் பிளந்த ஸ்விட்சுப் பலகையும் போதும்.

மூட்டுகளைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அதிக மூட்டு இருந்தால் விலை ஏறும், வாங்குவோர் மகிழ்வர் என்பது உண்மையே. எனினும் ஒவ்வொரு மூட்டும் சித்திரத்தின் ஓட்டத்தில் விழும் ஒரு வெட்டு. முழங்கையையும் முழங்காலையும் துணி மடிப்பின் உள்ளே புதைத்துவிடலாம். கழுத்தை மட்டும் மிகுந்த யோசனைக்குப் பிறகே வெட்டு, ஏனென்றால் தலை சாயும் விதத்திலேதான் இந்த மனிதனின் சுபாவம் இருக்கிறது.

இனி, உனக்கு முன்னால் உள்ள மெய்யான சோதனை. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்து, இரும்புக்கை மாத்திரம் அந்தரத்தில் மிதக்கும். இந்த அற்புதத்திற்காகவே அவனை நேசித்தோம். உடலை நிறமற்ற ரெசினில் வார்த்துக் கையை மட்டும் உலோக வர்ணத்தில் அமைக்க நினைக்கிறாய், நல்ல யோசனை. ஆனால் தெளிந்த ரெசினில் உள்ளே சிக்கும் காற்றுக் குமிழும் மூட்டு ஆணியும் வெளியே தெரிந்துவிடும். ஆதலால் அந்த உருவத்தை மூட்டில்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்துவிட்டு, விரல் மடங்கும் கையொன்றை மட்டும் தனியே பொருத்து. உன் உழைப்பு முழுவதும் அந்த விரல்களின் பாவத்தில் செல்லட்டும். முகமில்லாத பாத்திரத்தின் கோபமும் தயக்கமும் பரிவும் அங்கே அல்லாமல் வேறெங்கே தெரியும்?

கொள்ளிடத்தைக் கடந்து சுவாமிமலைக்கும் ஒரு நாள் போய் வா. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடிப்பதற்கு முன்னால், ஓலை நறுக்கை மடித்துத் தாளப் பிரமாணத்தைக் குறித்துக்கொள்ளும் அவ்வூர் ஸ்தபதிகளுடைய முறையை நேரில் பார். உத்தம தசதாளம் என்னும் அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 பங்கு. பிளாஸ்கோவின் மாயாவிக்கு எத்தனை பங்கு என்று சித்திரங்களிலிருந்து அளந்து நீயே ஒரு பிரமாணம் வகுத்துக்கொள்.

பயிற்சிக்காக வடிப்பதற்கு ஒருவரும் தடை சொல்லார். விற்பதென்றால், இந்தக் கதாபாத்திரத்தின் உரிமையைப் பெற்றிருக்கும் இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனத்திற்கு முறைப்படி எழுதி அனுமதி பெறு. பீடத்தின் அடியில் பிளாஸ்கோவின் பெயரைப் பொறிக்க மறவாதே. சிலிகோன் அச்சு எடுப்பதற்கு முன்பு, களிமண் நிலையிலேயே பக்கவாட்டையும் முதுகையும் படம் எடுத்து அனுப்பு. இதுவரை நீ முன்புறத்தை மட்டுமே காட்டியிருக்கிறாய்.

அன்புடன்,
உன் அண்ணன்