தூக்க வேண்டாம், உருட்டுங்கள்!

குளுவாங், சிகாமட் பக்கம் லயத்துக்குப் பின்னால் சிறு பட்டறை போட்டிருப்பவர்கள் உண்டு. பழைய கடைசல் இயந்திரம் வந்து இறங்கினால், "நாலு பேரு புடிச்சா தூக்கிடலாம்"ங்கிறது வழக்கம். கணக்குப் பாருங்கள். இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தாலும் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோதான் அளவு. பெரிய செம்பனைக் குலை ஒன்றே அவ்வளவு இருக்கும். 200 கிலோவை நாலு பேர் தூக்கினால் ஆளுக்கு 50. ஒருவர் கால் வழுக்கினால் மற்ற மூவர் முதுகும் போச்சு.

முதலில் மோட்டாரைக் கழற்றுங்கள். 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடியில் கட்டை வைத்து அழுத்தினால், 20 கிலோ பலத்துக்கு 180 கிலோ எழும்பும். எழும்ப எழும்பப் பலகை சொருகுங்கள். கையை அடியில் விடாதீர்கள். தரையில் பலகை போட்டு, ஒரே பருமனுள்ள மூன்று இரும்புக் குழாய் மேல் மெதுவாக உருட்டுங்கள். சரிவில் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இயந்திரம் சாய்ந்தால் தாங்கப் போகாதீர்கள், விலகிவிடுங்கள். இயந்திரம் வாங்கலாம், கால் வாங்க முடியாது.

பாரம் தூக்கிய பிறகு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.